கிழங்குக்கு ஒரு செல்லப்பெயர்



பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வது மனிதருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. சொற்களும் அவ்வாறு செல்கின்றன. போன இடத்தில் கிடைத்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. சில சொற்கள் பழைய தொழிலையும் விடாமல் புதிய தொழிலையும் பார்க்கின்றன. வேறு சில, புறப்பட்ட இடத்தையே மறந்துவிடுகின்றன. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்கு இந்தச் செய்தியில் தனியான அக்கறை உண்டு. ஆதலின், ஓர் ஆங்கிலச் சொல்லின் பயணத்தை எடுத்துக்கொண்டு, அதன் வழியே நம் வீட்டுச் சொற்களைப் பற்றியும் இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

அந்தச் சொல் ‘ஸ்பட்’ என்பது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் உருளைக்கிழங்குக்குக் கொச்சையாக வழங்கும் பெயர் இது. ஏட்டில் எழுதும்போது ‘பொட்டேட்டோ’ என்று மரியாதையாக எழுதுபவரும், அடுக்களையிலும் கடைத்தெருவிலும் இதைச் ‘ஸ்பட்’ என்றே அழைப்பதுண்டு. ஆனால் இந்தப் பெயர் கிழங்குக்குப் பிறந்த பெயரன்று. கிழங்கை ஐரோப்பா அறிவதற்கு முன்பே இச்சொல் இங்கிலாந்தில் இருந்தது.

பதினைந்தாம் நூற்றாண்டில் அது குட்டையான, மட்டமான ஒரு கத்தியின் பெயர். பின்னர், களையை வேரோடு கெல்லி எடுக்கும் சிறு கருவிக்குப் பெயராயிற்று. நம் களைக்கொத்துக்கு உறவு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கருவியைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. 1667-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டச்சுக் கப்பற்படை இங்கிலாந்தின் மெட்வே ஆற்றினுள் புகுந்து அந்நாட்டுப் போர்க்கப்பல்களைக் கொளுத்தியது. இலண்டன் நகரம் கலங்கியது. அப்போது கடற்படை அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தவர், நாட்குறிப்பினால் இன்றும் புகழ்பெற்றிருக்கும் சாமுவேல் பீப்ஸ். அவர் தம் பொற்காசுகளை நாட்டுப்புறத்திலிருந்த தந்தையார் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அங்கே அவை தோட்டத்தில் புதைக்கப்பட்டன. அக்டோபரில் அவர் போய், இரவில் விளக்கை மறைத்துப் பிடித்துக்கொண்டு தோண்டினார். மண்ணை நெம்பியெடுக்க அவர் கையாண்டதாக எழுதிவைத்த கருவி இந்த ‘ஸ்பட்’தான். பைகள் இற்றுப்போய்க் காசுகள் மண்ணோடு கலந்து கிடந்தன. மண்ணை வாளியில் அள்ளிக் கழுவிக் கழுவித் தேடியும் தொகை முழுவதும் தேறவில்லை.

தோண்டும் கருவியின் பெயர் தோண்டி எடுக்கப்படும் பொருளுக்கு மாறியது அடுத்த கட்டம். கிழங்கு என்ற பொருளில் இச்சொல் அச்சில் ஏறியதற்குக் கிடைக்கும் பழைய சான்று இங்கிலாந்தைச் சேர்ந்ததன்று. 1845-இல் வெளிவந்த, எட்வர்டு ஜெர்னிங்காம் வேக்ஃபீல்டு என்பவர் நியூசிலாந்து வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலில் அது காணப்படுகிறது. அத்தீவின் கரைகளில் திமிங்கில வேட்டையாடியவர்களின் கொச்சைமொழியில் பன்றிக்கு ‘உறுமி’ என்றும் உருளைக்கிழங்குக்கு ‘ஸ்பட்’ என்றும் பெயர் இருந்ததாக அவர் குறிக்கிறார். சொந்த ஊரைவிட்டுப் பல்லாயிரம் கல் தொலைவு கடல் கடந்து போனவர்கள், நாள்தோறும் தின்னும் இரண்டு பொருள்களுக்கு இட்டு வழங்கிய செல்லப்பெயர்கள் இவை.

அதே 1845-ஆம் ஆண்டில்தான் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. அந்நாட்டு ஏழை மக்களுக்கு வேறு உணவு கிடையாது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். மற்றும் 10 இலட்சம் பேர் கப்பலேறி நாட்டைவிட்டுச் சென்றனர். அயர்லாந்தில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களுள் ஒன்று ‘மர்ஃபி’ என்பது. ஆங்கிலேயர் கிழங்கையே ‘மர்ஃபி’ என்று கேலியாக அழைத்தனர். பிறகு அந்தக் கேலி திரும்பி, மர்ஃபி என்ற பெயருடையவன் எவனாயினும் அவனைப் படையிலும் தொழிற்சாலையிலும் ‘ஸ்பட்’ என்று கூப்பிடும் வழக்கம் வந்தது.

ஒருவர் தின்னும் உணவை அவருக்கே பெயராக்கி அழைப்பதில் இருக்கும் குத்தல் நமக்குப் புதியதன்று. வடக்கே வந்து குடியேறிய தமிழர்களுள் ‘இட்டலி சாம்பார்’ என்று ஒரு முறையேனும் அழைக்கப்படாதவர் குறைவு. நட்பாகச் சொன்னால் சிரித்துக்கொள்கிறோம். இளக்காரமாகச் சொன்னால் உள்ளே சுடுகிறது. கூப்பிடுபவனின் குரலைக் கேட்காமல் கொச்சைச் சொல்லின் பொருளைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று வேண்டியதில்லை. மர்ஃபிகளுள் பலர் அந்தப் பெயரைப் பின்னாளில் தாமே உவந்து ஏற்றுக்கொண்டார்கள். ஏளனமாகத் தொடங்கிய பெயர், பழகப் பழகத் தோழமையின் பெயராயிற்று.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு கட்டுக்கதையும் உலவுகிறது. உருளைக்கிழங்கை வெறுத்த ஆங்கிலேயர் சிலர், ‘உடலுக்கு ஒவ்வாத உணவைத் தடுக்கும் சங்கம்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு சங்கம் கண்டார்களாம். அப்பெயரிலுள்ள ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘ஸ்பட்’ ஆயிற்றாம். மேரியோ பெய் என்ற மொழியறிஞரே 1949-இல் வெளியிட்ட தம் நூலில் இக்கதையை எடுத்துச் சொல்லிவிட்டார். கத்தியும் களைக்கருவியுமாக இச்சொல் நூற்றாண்டுக் கணக்கில் உழைத்த வரலாறு கண்முன் இருக்கும்போது, இக்கதைக்கு இடமே இல்லை. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் ஆக்கும் பழக்கமும் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. சொல்லின் மூலத்தைப் பற்றிய கதை எவ்வளவுக்கு எவ்வளவு அழகாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு ஐயத்தோடு அதனை அணுகவேண்டும்.

கிழங்கின் பெயரான பிறகும் இச்சொல் சும்மா இருக்கவில்லை. பிரிட்டிஷ் படையில், மலைபோல் குவித்த உருளைக்கிழங்கைத் தோலுரிக்கும் அலுப்பூட்டும் வேலைக்கு இச்சொல்லைக் கொண்டே பெயரிட்டார்கள். சிறு தவறு செய்த வீரனுக்கு அது தண்டனையாகவும் கிடைத்தது. கிழங்குத் துண்டைக் குண்டாகச் செலுத்தும் விளையாட்டுத் துப்பாக்கியும் இப்பெயர் பெற்றது. காலுறையில் ஓட்டை விழுந்து குதிகால் வெளியே தெரிந்தால், உரித்த கிழங்கு எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கிறதல்லவா? அந்த ஓட்டையும் ‘ஸ்பட்’ ஆயிற்று!

இதுவரை சொன்னவை விளையாட்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான சோதனை இனிமேல்தான் வருகிறது. அரசாங்க அலுவலகத்து மேசைமீது வரும் தாள்களில் இச்சொல் கிழங்காக வருவது அரிது. எண்ணெய்த் துறையின் அறிக்கையில் அது ஒரு வினைச்சொல். புதிய கிணற்றைத் துளையிடத் தொடங்குதல் என்று பொருள். மும்பைக்கு மேற்கே கடலில் 1974-இல் எண்ணெய் கண்ட ‘சாகர் சாம்ராட்’ போன்ற துளைமேடைகள், கடலடியில் கால் ஊன்றி நீர்மட்டத்துக்கு மேல் எழுந்து நிற்பவை. அத்தகைய மேடைகளின் கால்களுக்கு அடியில் அகன்ற பாதம் போல் அமைந்த பகுதியின் பெயரிலும் இச்சொல் உண்டு. துறைமுகத்தில் தூர்வாரும் கப்பல்களில் சிலவற்றின் பின்புறம் இரண்டு எஃகுத் தூண்கள் இருக்கும். ஒன்றைத் தரையில் ஊன்றி அதையே அச்சாகக் கொண்டு கப்பல் இருபுறமும் திரும்பி மண்ணை வெட்டும். பிறகு மற்றதை ஊன்றி, முன்னதைத் தூக்கி, அடியெடுத்து வைப்பதுபோல் முன்னேறும். அந்தத் தூண்களும் ‘ஸ்பட்’ தாம். மரத்தின் பட்டையை உரிக்கும் உளி போன்ற கருவியும், கழிவறைக் குழாயை இணைக்கும் குட்டையான துண்டும் அதே பெயருடையவை.

மருத்துவமனைக்கு வாங்கவேண்டிய கருவிகளின் பட்டியலில் வரும் ‘ஸ்பட்’ இன்னும் நுட்பமானது. கண்ணின் கருவிழிமேல் தெறித்துப் பதிந்த இரும்புத்துகளையோ மணலையோ மெல்ல நெம்பி எடுக்கும் கருவி அது. அகராதியைத் திறந்து கண்ணில் பட்ட பொருளை எழுதிவிட்டால், கண் மருத்துவருக்கு ஒரு கூடை உருளைக்கிழங்கு வாங்கித் தந்தவர்கள் ஆவோம். சிரிப்பதற்குரிய செய்திதான், ஆனால் துகள் விழுந்த கண்ணோடு காத்திருப்பவருக்கு அது சிரிப்பாக இராது. ஆதலின் இத்தகைய சொல்லைச் சந்திக்கும்போது ‘இதற்குப் பொருள் என்ன?’ என்பதோடு நில்லாமல், ‘இங்கே இது என்ன வேலை செய்கிறது?’ என்றும் கேட்கவேண்டியிருக்கிறது. வேலை தெரிந்தால் ‘ஊன்றுதூண்’ என்றோ ‘துகள்நீக்கி’ என்றோ தமிழ்ச்சொல் தானே வந்து நிற்கும்.

நம் நாட்டில் இந்தக் கிழங்கின் பெயர்களும் பயணம் செய்தவையே. வடமொழியில் ‘ஆலு’ என்பது வேறு கிழங்குகளைக் குறித்த பழஞ்சொல். அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு இங்கே வந்ததும் அப்பெயரைத் தனதாக்கிக்கொண்டது. மும்பைக் கடையில் கேட்கும் ‘பட்டாட்டா’ போர்ச்சுக்கீசியரோடு கப்பலில் வந்தது. கரிபியன் தீவு மக்கள் சர்க்கரைவள்ளிக்கு வைத்திருந்த பெயர்தான் அதன் மூலம். தெலுங்கில் ‘பங்காளாதும்ப’ என்ற பெயர் வங்கத்தை நினைவூட்டுகிறது. தமிழர் கிழங்கின் உருவத்தைப் பார்த்து ‘உருளை’ என்றார்கள். மிளகை அறிந்திருந்த நம் முன்னோர், உறைப்பான புதுக் காயைக் கண்டதும் ‘மிளகாய்’ என்றதும் இவ்வகைப்பட்டதே.

‘ஸ்பட்’ போலப் பல தொழில் பார்க்கும் சொல் தமிழில் உண்டா என்று கேட்டால், ‘கட்டை’ என்ற சொல்லைக் காட்டலாம். அடிப்படையில் அது மரத்துண்டு. சந்தனக்கட்டை பூசையறையில், பூரிக்கட்டை அடுக்களையில், கட்டைவண்டி தெருவில். குட்டையாக இருப்பதனால் கட்டைவிரல். தேய்ந்து குறுகியதனால் துடைப்பக்கட்டை. ஆர்மோனியத்தின் சுரக்கட்டையிலிருந்து பாடகரின் சுருதி நாலு கட்டை, ஐந்து கட்டை என்று கணக்காகிறது. இனிமையற்ற குரல் கட்டைக்குரல். மணம் செய்துகொள்ளாதவர் கட்டைப் பிரமசாரி. நீதிமன்றம் போகாமல் மிரட்டித் தீர்ப்பது கட்டைப் பஞ்சாயத்து. வயது முதிர்ந்த பாட்டி தம் உடலையே ‘இந்தக் கட்டை’ என்கிறார். கோபம் வந்தால் ‘கட்டையிலே போறவனே’ என்று பேரனைத் திட்டுகிறார். மறுகணம் அவனுக்கே சோறு பிசைந்து ஊட்டுகிறார். அடுப்பு விறகிலிருந்து ஈமவிறகு வரை ஒரு வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

இங்கேதான் வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இழப்பு நேர்கிறது. தில்லியில் வளரும் குழந்தைக்குப் பூரிக்கட்டை ‘பேலன்’ ஆகிவிடுகிறது. கடைக்காரரிடம் அவர் மொழியில் ‘ஆலு’ என்று கேட்பதில் குற்றமில்லை, அதுவே மரியாதை. அந்த மொழிகளையும் நம் குழந்தைகள் நன்றாகக் கற்கவேண்டும். ஆனால் வீட்டினுள்ளும் ‘கட்டை’ வேலையிழந்துபோனால், மறைவது சமையலறைப் பொருள் ஒன்றின் பெயர் மட்டுமாக இராது. கட்டைவிரலுக்கும் கட்டைக்குரலுக்கும் உள்ள உறவு அறுந்துபோகிறது. பாட்டி தம்மைக் ‘கட்டை’ என்று சொல்லும்போது அதிலுள்ள துயரமும் வேடிக்கையும் பேரனுக்குப் புரியாமற் போகிறது. ஒரே வீட்டில் இருவர் தமிழ் பேசுகிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவரைச் சென்று சேர்வதில்லை.

இதற்குப் பள்ளிக்கூடத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. பாடநூல் செந்தமிழைக் கற்பிக்கும். திட்டவும் கொஞ்சவும் கேலி செய்யவும் உரிய தமிழ் அடுக்களையிலும் திண்ணையிலும்தான் பிறந்தது. திண்ணை இல்லாத அடுக்குமாடி வீட்டிலும் அடுக்களை இருக்கிறது. அங்கே அந்தச் சொற்களுக்கு நாள்தோறும் ஏதேனும் வேலை கொடுத்துவந்தால் போதும். அவை தாமே பிழைத்துக்கொள்ளும். இன்று இரவு உருளைக்கிழங்கு நறுக்கக் குழந்தை உதவிக்கு வந்தால், ‘கட்டைவிரல் பத்திரம், கண்ணே’ என்று தமிழில் சொல்லுங்கள். ‘அதற்கு ஏன் அந்தப் பெயர்?’ என்று அது கேட்டால், அவசரப்படாமல் விடை சொல்லுங்கள்.