பாரணை இல்லாத விரதம்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



உணவைப்பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டம் வேண்டுமா என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். பசித்தால் உண்பதும் பசி தீர்ந்தால் எழுவதும் குழந்தைக்கும் தெரிந்த காரியங்களன்றோ! ஆனால், 12 வயதுக்கும் 20 வயதுக்கும் இடைப்பட்ட பெண்பிள்ளைகளிற் சிலருக்கு இந்த எளிய காரியமே பெரும் போராட்டமாகிவிடுகின்றது. அதனை நோயென்று அறியாத வீட்டார், "சாப்பாட்டிலே பிடிவாதம்" என்று ஏசுகின்றனர். அயலாரோ, "வடிவாய் மெலிந்துவிட்டாள்" என்று மெச்சுகின்றனர். ஏச்சு, மெச்சு இரண்டுமே இந்நோயை வளர்ப்பவை என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

இது நேற்று முளைத்த நாகரிக நோயன்று. 1873ஆம் ஆண்டிலேயே இலண்டனில் சேர் வில்லியம் கல் என்பவரும் பாரிசில் சார்ள் லசேக் என்பவரும், உணவை மறுத்து மெலிந்த இளம் பெண்களைப்பற்றி விவரித்தனர். கல் அதற்கு இட்ட பெயர் ‘அனொரெக்சியா நெர்வோசா’. பருத்துவிடுவோமென்ற அச்சத்தால் உண்ண மறுப்பது அது. 1979இல் ஜெரால்ட் றசல் என்னும் வைத்தியர் ‘புலிமியா நெர்வோசா’ என்னும் இன்னொன்றை விவரித்தார். அடக்கமுடியாமல் மிகுதியாக உண்டு, பின்னர் வாந்தியெடுத்தோ பேதிமருந்து உட்கொண்டோ அதனை வெளியேற்ற முயல்வது இது. மறைவிலே அளவுமீறி உண்டு, வெளியேற்றாமல் மனம் நொந்துகொள்வது மூன்றாவது வகை. ஆண்பிள்ளைகளுக்கும் இவை வருவதுண்டு. எனினும் இளம் பெண்களிடத்திலேயே மிகுதி.

பிடிவாதமன்று, நோயே என்பதற்குச் சான்று யாது? 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர், தேகாரோக்கியமுள்ள 36 ஆடவரை, அவர்களுடைய சம்மதத்துடன், ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்று உணவில் வைத்துப் பார்த்தார். உடம்பு மெலிந்தது, அதனோடு மனமும் மாறிற்று. இரவும் பகலும் அவர்கள் உணவையே நினைத்தனர். சமையற் புத்தகங்களை விரும்பிப் படித்தனர். சிறிதளவு உணவையும் நெடுநேரம் வைத்து அளைந்தனர். சினமும் சோர்வும் கொண்டு நண்பரைவிட்டு விலகினர். வளர்ந்த ஆடவரையே பட்டினி இவ்வாறு மாற்றுமாயின், வளரும் பிள்ளையின் மனம் என்னாகும்? உணவைக் குறைக்கத் தொடங்கியவள் அவளாக இருக்கலாம். சில மாதங்களின் பின் அவளை ஆட்டுவிப்பது பட்டினியே.

இந்நோய் தொடங்குவதற்குப் பரம்பரையும் மனக்கவலையும் காரணமாகலாம்; கண்ணாற் காண்பதும் காதாற் கேட்பதும் காரணமாகலாம். பீஜித் தீவிலே உடற்கட்டுள்ள பெண்ணை மதிப்பது பழைய வழக்கம். அங்கு ஒரு மாகாணத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அவ்வாண்டில் ஆன் பெக்கர் என்னும் ஆராய்ச்சியாளர் விசாரித்த மாணவியருள், மெலிவதற்காக வாந்தியெடுத்தவர் ஒருவருமில்லை. 1998இல் விசாரித்தவர்களுள் நூற்றுக்கு 11 பேரளவில் அவ்வாறு செய்தனர். இன்று நம் பிள்ளைகளின் கையிலிருப்பதோ கைத்தொலைபேசி. திருத்தி அழகுபடுத்திய படங்களோடு தம்மை ஓயாமல் ஒப்பிடுகின்றனர். போதாததற்கு, வீட்டுக்கு வரும் உறவினரும், "என்ன பிள்ளை, நல்லாய்க் கொழுத்துப் போனாய்" என்றே பேச்சைத் தொடங்குகின்றனர்.

இனி அடையாளங்களைக் கூறுவோம். "சாப்பிட்டுவிட்டேன்" என்று நாள்தோறும் சாட்டுச் சொல்லுதல்; வீட்டாரோடு இருந்து உண்ணாமை; உண்டவுடன் குளியலறைக்குச் செல்லுதல்; அடிக்கடி நிறை பார்த்தல்; தொளதொளத்த உடையால் உடம்பை மறைத்தல்; மாதவிடாய் நின்றுபோதல்; தலைமயிர் உதிர்தல்; வெயிலிலும் குளிர்கிறதென்றல்; மயங்கி விழுதல்; பல் தேய்தல்; கன்னம் வீங்குதல். இவற்றுள் ஒன்றைக் கண்டதும் நோயெனத் துணிதல் கூடாது. பல சேர்ந்து நிலைத்திருப்பின் அசட்டை செய்தலும் கூடாது. நிறை குறையாத பிள்ளைக்கும் இந்நோய் இருக்கலாம். ஓயாத வாந்தியால் இரத்தத்திற் பொற்றாசியம் குறைந்து இருதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

"விரதமிருப்பது நல்லதுதானே?" என்று பெரியோர்கள் கேட்கலாம். ஆம், ஆனால் விரதத்துக்கு நாளுண்டு, முடிவுண்டு, பாரணையுண்டு. கந்தசட்டியின் ஆறு நாளும் கழிந்தால், மறுநாட் குடும்பத்தோடிருந்து மகிழ்ந்து உண்கின்றோம். நோயாளியின் பட்டினிக்கோ பாரணை இல்லை. வெள்ளிக்கிழமை போதாதென்று விரதங்களைக் கூட்டிக்கொண்டே போகும் பிள்ளையைப் பக்தையென்று புகழுமுன், பாரணையன்று அவள் உண்கிறாளா என்று பாருங்கள்.

செய்யவேண்டியது யாது? அதட்டுவதாற் பயனில்லை. தனிமையில் அன்பாக, "நீ சோர்ந்திருக்கிறாய் பிள்ளை, எனக்குக் கவலையாயிருக்கிறது" என்று பேசுங்கள். பின்னர் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்னும் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமும் நம் நாட்டில் உண்டு. மிக மெலிந்த பிள்ளைக்குத் திடீரென வயிறுநிறைய ஊட்டுவது ஆபத்தானது. வைத்தியர் சொற்படியே உணவைக் கூட்டவேண்டும். 1980களில் இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் உருவான ஒரு சிகிச்சைமுறை, பெற்றோரைக் குற்றஞ்சாட்டாது, அவர்களையே துணைக்கொண்டு ஒவ்வொரு வேளையும் பிள்ளையை உண்ணச்செய்கின்றது.

வருமுன் காக்கும் பழக்கங்களும் அரியனவல்ல. நாளுக்கு ஒரு வேளையாவது வீட்டார் எல்லோரும் ஒன்றாக இருந்து உண்ணவேண்டும். விடியவே ரியூசனுக்கு ஓடும் பிள்ளையை வெறும் தேநீரோடு விடாது, பிட்டோ இடியப்பமோ அவித்த பயறோ கொடுக்கவேண்டும். முருங்கையிலை, பருப்பு, குரக்கன், தயிர், மீன், முட்டை என அவரவர் வீட்டு வழக்கப்படி கிடைப்பதை முறையாக உண்பித்தல் போதும். எந்த உணவையும் கொடியதென்று காட்டிப் பயமுறுத்த வேண்டா. பூப்படைந்த பிள்ளைக்கு உழுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்த நம் அம்மம்மாமார், அப்பருவத்திலே பெண்ணுடம்பு சதைப்பிடிப்பது இயல்பென்று அறிந்திருந்தனர். அதே பிள்ளையிடம் ஈராண்டு கழித்து, "உடம்பைக் குறை" என்பது நியாயமோ?

இளைஞராகிய எமக்கும் ஒரு கடமையுண்டு. தங்கையையோ வகுப்புத் தோழியையோ உடம்பைக் காட்டிப் பட்டப்பெயர் சொல்லிச் சிரிப்பதை இச்சங்கத்தவர் எவரும் செய்யாதிருப்போமாக. பெரியோர்களே, நீங்களும் ஒரு பிள்ளையைக் கண்டால், மெலிவையும் கொழுப்பையும் பேசாது, "வா பிள்ளை, எங்களோடு இருந்து சாப்பிடு" என்று அழையுங்கள். அப்பிள்ளை உடனே வராமற்போகலாம், மறுநாளும் அழையுங்கள்.