எழுபது வளைவும் இரண்டு மகள்களும்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் சின்னவள் அத்தனையையும் எண்ணியே தீருவேன் என்றாள். இருபத்து மூன்றாவது வளைவில் அக்கா மடியில் தூங்கிப்போனாள். வண்டி அறுபதைத் தாண்டியபோது விழித்து, கண்ணைக் கசக்கியபடி, "இருபத்து நாலு!" என்றாள். வாந்திக்குப் பயந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்த பெரியவள் சிரிக்கவில்லை. வளைவின் எண் பலகை தெரியாதபடி ஜன்னலைக் கையால் மறைத்து, "ஆமாடி தங்கம், இருபத்து நாலுதான்" என்றாள். அந்தப் பக்குவம் நாங்கள் சொல்லிக்கொடுத்ததல்ல.

ஆடியில் கொல்லிமலையில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்குப் பிள்ளைகளோடு கிளம்புகிறவர்களே, கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுப் பின் இருக்கைப் பேச்சைக் காதுகொடுத்துக் கேளுங்கள். எலுமிச்சம்பழத்தையும் மறந்துவிடாதீர்கள்.