அச்சில் மாறாத முகம்: வீட்டில் ஒளிப்படங்களைச் சரியான வண்ணத்தில் அச்சிடுவது எப்படி?

(வளைகுடாப் பகுதி நூலகம் ஒன்றில் தமிழ்க் குடும்பங்களுக்காக நடைபெற்ற சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புடவைக் கடையில் நம் தாய்மார்கள் செய்யும் ஒரு செயலை முதலில் நினைவுகூர விரும்புகிறேன். கடைக்காரர் எவ்வளவுதான் புகழ்ந்துரைத்தாலும், புடவையை வாசல்வரை எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் அவர்கள் முடிவு செய்வதில்லை. விளக்கொளியில் கறுப்பாகத் தோன்றியது வெயிலில் கருநீலமாகத் தெரிவதுண்டு. நிறம் என்பது பொருளைப் பொறுத்தது மட்டுமன்று, அதன்மேல் விழும் ஒளியையும் பொறுத்தது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். இன்று நான் கூறவிருப்பதில் பாதி அந்த அறிவுதான்.

என் தாயார் மறைந்தபோது, மாலையிட்டு வைப்பதற்காக அவருடைய படத்தை வீட்டிலேயே அச்சிட முயன்றேன். கணினித் திரையில் படம் உயிரோட்டமாக இருந்தது. தாளில் வந்ததோ வேறு. முகம் செம்மை ஏறி இருண்டிருந்தது. நீலப் புடவை ஊதாவாக மாறியிருந்தது. மதுரையிலிருந்து வந்திருந்த என் தமக்கை அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது அம்மா மாதிரியே இல்லையேடா” என்றார். அன்றிரவு அரைக்கட்டுத் தாளும் ஏராளமான மையும் வீணாயின. அச்சுப்பொறியைக் குறை கூறினேன். பிழை என்னுடையது என்பது பின்னரே தெரிந்தது. அது என்ன பிழை என்பதைச் சற்றுப் பின்னர் கூறுகிறேன்.

திரையும் தாளும் ஏன் ஒத்துப்போவதில்லை? திரை தானே ஒளியை உமிழ்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. தாளுக்குச் சொந்த ஒளி இல்லை. அறையின் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதன்மேல் வெளிர்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகள் படிகின்றன. எனவே, திரையில் மின்னும் கிளிப்பச்சையும் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் அதே பொலிவுடன் தாளில் வருவது இயலாது. அந்தச் சிறு இழப்பு இயற்கையானது. அதற்கு மேற்பட்ட வேறுபாடு பெரும்பாலும் நம்மால் திருத்தக்கூடியதே.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் முயற்சியில் நாம் வாழும் இப்பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. 1993ஆம் ஆண்டு எட்டு நிறுவனங்கள் இணைந்து பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பை உருவாக்கின. ஆப்பிள், அடோபி, சன் மைக்ரோசிஸ்டம்ஸ், சிலிக்கான் கிராஃபிக்ஸ் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு கருவியும் நிறத்தை எவ்வாறு காட்டுகிறது என்பதை விவரிக்கும் சிறு கோப்புக்கு அவர்கள் பொது வடிவம் தந்தனர். அதுவே ‘ஐ.சி.சி. ப்ரொஃபைல்’. 1996இல் பாலோ ஆல்டோவின் எச்.பி. நிறுவனமும் மைக்ரோசாஃப்டும் ‘எஸ்.ஆர்.ஜி.பி.’ என்னும் பொது வண்ண வரையறையை முன்மொழிந்தன. 1999இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. இன்றைய கைப்பேசிகள் பல இதனினும் விரிந்த வண்ண எல்லையில் படமெடுக்கின்றன. அதனைச் சில மென்பொருள்கள் சரியாகப் படிப்பதில்லை. அப்போது படம் மங்கிவிடும். ஐயம் இருப்பின், படத்தை எஸ்.ஆர்.ஜி.பி. வடிவுக்கு மாற்றி அச்சிடுவதே பாதுகாப்பானது.

இனி, நடைமுறையில் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். “படம் இருட்டாக அச்சாகிறது” என்னும் முறையீட்டுக்கு முதற்காரணம் திரை மிகுந்த வெளிச்சத்தில் இருப்பதே. ஒரு வெள்ளைத் தாளைத் திரையருகே பிடித்து, திரையின் வெண்மை தாளின் வெண்மையை ஏறத்தாழ ஒத்திருக்கும்வரை குறைக்க வேண்டும். மாலையில் திரையை மஞ்சளாக்கும் இரவு வசதியை அணைத்துவிடுங்கள். அடிக்கடி அச்சிடுவோர், திரையின்மேல் வைத்து நிறத்தை அளந்து சீராக்கும் சிறு கருவியை வாங்கினால் பயனுண்டு.

இரண்டாவது, அச்சுப்பொறியின் மைத்துளைகளைச் சோதியுங்கள். பல வாரங்கள் பயன்படுத்தாத பொறியில் மை உலர்ந்து துளை அடைபடும். ஒரு மை வராவிடில் முழுப்படமும் வேறு நிறத்தின் பக்கம் சாயும். பொறியிலேயே உள்ள சோதனைப் பக்கத்தை அச்சிட்டால், கோடுகள் விடுபட்டிருப்பது உடனே தெரியும்.

மூன்றாவது, எந்தத் தாளைப் பயன்படுத்துகிறீர்களோ அதன் வகையையே அமைப்பில் தெரிவு செய்யுங்கள். பளபளப்பான தாளுக்கும் சாதாரணத் தாளுக்கும் பொறி விடும் மையின் அளவு வேறு. தாள் தயாரிப்பாளர்கள் பலர் தத்தம் தாளுக்கும் குறிப்பிட்ட அச்சுப்பொறிக்கும் உரிய ப்ரொஃபைலைத் தங்கள் இணையதளத்தில் இலவசமாக அளிக்கின்றனர். அது பொறிக்குரிய அசல் மையைக் கருதிச் செய்யப்பட்டது. வேறு மை ஊற்றினால் பொருந்தாது.

நான்காவதுதான் நான் செய்த பிழை. வண்ணத்தை நிர்வகிப்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். படத் திருத்த மென்பொருள் அதைச் செய்தால், அச்சுப்பொறியின் வண்ணத் திருத்தத்தை முற்றிலும் நிறுத்த வேண்டும். அச்சுப்பொறியிடம் ஒப்படைத்தால் மென்பொருள் ஒதுங்கி நிற்க வேண்டும். இருவரும் திருத்தினால், ஒரே குழம்புக்கு இருவர் உப்பிட்ட கதைதான். என் தாயாரின் முகம் சிவந்ததற்கு இதுவே காரணம்.

ஐந்தாவது, சிறிய அளவில் ஒன்றை அச்சிட்டுப் பொறுத்திருங்கள். சாய மை உலர உலர நிறம் சற்று மாறும். இயன்றால் ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு சன்னலருகே, நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். படம் மாட்டப்போகும் இடத்தின் விளக்கிலும் பாருங்கள். மஞ்சள் விளக்கில் எந்தப் படமும் மஞ்சளாகவே தோன்றும். அதற்காகப் படத்தைத் திருத்தத் தொடங்காதீர்கள்.

இறுதியாக, தோல் நிறம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளையினப் பெண்ணின் படமே இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பொறிகள் அமைக்கப்பட்டன. கறுத்த முகங்கள் விவரமின்றி இருண்டு போயின. பல இன முகங்கள் கொண்ட அட்டைகள் 1990களில்தான் வந்தன. 2021இல் கூகுள் தன் கைப்பேசியில் கருமைநிறத் தோலைச் சரியாகக் காட்டுவதற்கெனத் தனி முயற்சியை அறிவிக்கும் அளவுக்கு அக்குறை நீடித்தது.

இன்றும் ‘தானியங்கி மேம்பாடு’ என்னும் பொத்தான் நம் முகங்களை வெளுக்கச் செய்வதுண்டு. அழகூட்டும் செயலிகளும் அதையே செய்கின்றன. அவற்றை அணைத்துவிட்டு, உங்களுக்கு நன்கு தெரிந்த ஒருவரின் படத்தையே மாதிரியாகக் கொள்ளுங்கள். அவரை அருகில் நிறுத்தி அச்சிட்ட படத்துடன் ஒப்பிடுங்கள். மாநிறம் மாநிறமாகவும் கறுப்பு கறுப்பாகவும் வருவதே சரியான வண்ணம். இங்கே பிறந்து வளரும் பேரக்குழந்தைகள் பலருக்குத் தம் மூதாதையரின் முகம் படத்தின் வழியாகவே அறிமுகமாகிறது. அந்த முகத்தை வெளுத்துக் காட்டும் உரிமை நமக்கு இல்லை.

நான் மேற்கூறிய முறையில் என் தாயாரின் படத்தை மீண்டும் அச்சிட்டேன். ஒரு நாள் கழித்துச் சன்னலருகே வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு படியைத் தமக்கைக்கு அஞ்சலில் அனுப்பினேன். அவர் அதைத் தம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.