பன்றிக்குப் பஞ்சமில்லை, தோட்டாவுக்கே பஞ்சம்

(திருகோணமலை மாவட்ட விவசாயிகள் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருடைய காதுக்கு விபரீதமாகப் படலாம். போரால் வெந்த மண்ணில் நின்று, துவக்கையும் தோட்டாவையும் பற்றிப் பேசுவதா என்று கேட்பார்கள். பேசத்தான் வேண்டும். அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் கட்டணஞ் செலுத்தி, சட்டத்துக்கு அடங்கி, தன் வயலைக் காக்க ஒற்றைத் துவக்கு வைத்திருக்கும் உழவனைப் பற்றியே நாம் பேசுகின்றோம். அவனுடைய துவக்கு சுவரிலே தொங்குகிறது. தோட்டா இல்லை. பன்றி வயலில் நிற்கிறது.

நம்மவர் வைத்திருப்பது பெரும்பாலும் 'பன்னிரண்டு போர்' என்னும் வகை. போர் என்றதும் யாரும் திடுக்கிட வேண்டாம். துளை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. அந்தக் குழலுக்குள் சரியாக அடங்கும் ஈயக் குண்டு ஓர் இறாத்தலில் பன்னிரண்டில் ஒரு பங்கு நிறையுள்ளது என்பதால் வந்த பெயர். இத்தகைய துவக்குக்குரிய தோட்டா வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வருவது. ஆதலால், டொலர் ஏறினால் தோட்டா ஏறும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்திற்குள் 360 ரூபாவைத் தொட்டது. இன்றுவரை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. எரிவாயுவுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்ற அந்த நாட்களில், பன்றிவெடிக்கு யார் டொலர் ஒதுக்குவார்? அதற்கு முந்திய 2021ஆம் ஆண்டிலேதான் இரசாயன உரத்தைத் தடைசெய்து நம் விளைச்சலை வீழ்த்தினார்கள். அழிந்தது போக மிஞ்சிய பயிரைப் பன்றிக்கு விட்டார்கள்.

உலகச் சந்தையும் நமக்கு உதவவில்லை. 2020இல் தொற்றுநோய்க் காலத்தில் அமெரிக்க மக்கள் தோட்டாக்களை அள்ளி வாங்கிக் கடைகளைக் காலியாக்கினர். 2022இல் உக்ரேன் யுத்தம் மூண்டதும் ஐரோப்பியத் தொழிற்சாலைகள் பீரங்கிக் குண்டுகளுக்கே முதலிடம் கொடுத்தன. தோட்டாவினுள் இருக்கும் புகையற்ற மருந்து எதிலிருந்து பிறக்கிறது என்று எண்ணுகிறீர்கள்? பருத்தியிலிருந்து! பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சை அமிலத்தில் ஊறவைத்தே அதனைச் செய்கிறார்கள். அந்தப் பஞ்சுக்கு ஐரோப்பா பெரிதும் சீனாவை நம்பியிருக்கிறது. சீனத்துப் பருத்திக் காட்டுக்கும் உக்ரேன் போர்க்களத்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டவன் தம்பலகாமத்து விவசாயி.

இந்நாட்டிலே பொதுமக்களுக்கு வேண்டிய வெடிபொருளையும் சுடுகலன்களையும் தோட்டாக்களையும் கொள்வனவு செய்யும் பிரிவு, கொழும்புக்கு அணித்தான வெலிசறையில், கடற்படையின் கீழ் இயங்குகிறது. அதே கடற்படையின் பெருந்தளம் நம் துறைமுகத்தில் இருக்கிறது. 1957இல் பிரித்தானியர் தளத்தை விட்டுச் சென்றபோது, இனி இது நம்முடைய துறைமுகம் என்றார்கள். கோணேசர் மலையில் நின்றால் போர்க்கப்பல்களைக் கண்குளிரக் காணலாம். கப்பலை எண்ணிப் பார்க்கும் பாக்கியம் நமக்கு வாய்த்தது. எத்தனை தோட்டா எப்போது இந்த மாவட்டத்துக்கு வரும் என்பதைத் தீர்மானிக்கும் இடம் மட்டும் நம் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

சட்டத்தைச் சற்றுப் பார்ப்போம். சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். 1915ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு வெள்ளையராட்சி இயற்றியது. 1996இல் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும், ஒக்டோபர் முதல் திசெம்பர் முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். நம் பெரும்போக விதைப்பும் அதே மாதங்களில்தான்! விதைப்பவன் வயலில் நிற்பதா, கச்சேரி வாசலில் நிற்பதா?

போர்க்காலத்தில் நம் வீடுகளிலிருந்த துவக்குகள் போன வழி உங்களுக்குத் தெரியும். சில பொலிஸ் நிலையங்களுக்குப் போயின; சிலவற்றை ஆயுதமேந்தியவர்கள் கொண்டுபோயினர். 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் 2015இலும் 2016இலுமே மண்ணுக்குத் திரும்பினார்கள். வந்து பார்த்தபோது வயல் காடாகியிருந்தது. அந்தக் காட்டில் பன்றி குடியேறியிருந்தது. அது மட்டும் விரைவாக நடந்த மீள்குடியேற்றம். இந்த மக்கள் பயிர்க்காவலுக்குப் புதிதாகத் துவக்குக் கேட்டால் விசாரணை மேல் விசாரணை. அனுமதி கிடைத்தவனுக்கோ தோட்டா கிடையாது.

சட்டப்படியான தோட்டா கிடைக்காவிடில் என்ன நடக்கும்? கட்டுத்துவக்கு வரும். கம்பியை இழுத்துக் கட்டி, மிதித்தவன் மனிதனா மிருகமா என்று பாராமல் வெடிக்கும் அந்தப் பாவத்தை நீங்கள் அறிவீர்கள். விறகுக்குப் போன பெண்ணின் காலையும், தேனுக்குப் போன இளைஞனின் தொடையையும் அது பிளக்கும். உணவுக்குள் வைக்கும் வாய்வெடி யானைக்கன்றின் தாடையைச் சிதைத்து நாட்கணக்கில் பட்டினியால் கொல்லும். வேலியில் மின்சாரம் பாய்ச்சியவன் தன் பிள்ளையையே பலிகொடுத்த கதையும் உண்டு. 2023ஆம் ஆண்டில் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மக்களும் மனித யானை மோதலில் மாண்டனர். அனுமதிபெற்ற துவக்குக்குச் சொந்தக்காரன் யாரென்று அரசாங்கத்துக்குத் தெரியும். கட்டுத்துவக்குக்கு யார் பெயரும் இல்லை. தோட்டாவை அரிதாக்கினால் நாடு அமைதியாகும் என்று கொழும்பில் எவரேனும் கருதினால், அவர் காட்டோர வயலைக் காணாதவர்.

2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆந் தேதி காலை எட்டு மணிக்கு, ஐந்தே நிமிடத்தில் நாடெங்கும் பயிரழிக்கும் பிராணிகளை எண்ணினார்கள். குரங்கு, மயில், மரவணில் எல்லாம் எண்ணப்பட்டன. நன்று! பன்றி இரவில் வருகிறது என்பதையும் யாரேனும் குறித்துக்கொண்டிருந்தால் இன்னும் நன்று.

எமது கோரிக்கை பெரிதன்று. பயிர்க்காவல் தோட்டாவையும் உரத்தைப் போல, விதைநெல்லைப் போல, விவசாய உள்ளீடாகக் கொள்ள வேண்டும். அதன்மீதுள்ள வரியைக் குறைக்க வேண்டும். கமநல சேவை நிலையத்தில் பதிவுபெற்ற, அனுமதியுள்ள ஒவ்வொருவருக்கும் இத்தனை என்று கணக்கிட்டு, விதைப்புக்கு முன்பே மாவட்டத்துக்கு அனுப்பி, கச்சேரியின் மேற்பார்வையில் கட்டுப்பாட்டு விலைக்குக் கொடுக்க வேண்டும். வெற்றுக் கோதுகளைத் திருப்பிக் கொடுத்தால்தான் மறுமுறை தோட்டா என்று விதித்தாலும் நாம் மறுக்கமாட்டோம். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென வழங்கிய துவக்குகளைப் பாதுகாப்பு அமைச்சு மீள ஒப்படைக்கச் சொன்னது; பெரிய மனிதர்களின் கைத்துப்பாக்கி வேறு, உழவனின் காவல் துவக்கு வேறு என்பதை ஆட்சியாளர் மறந்துவிடலாகாது.

கந்தளாயிலும் கோமரங்கடவலையிலும் உள்ள சிங்கள விவசாயிக்கும், கிண்ணியா முஸ்லிம் விவசாயிக்கும் இதே தொல்லைதான். பன்றிக்கு மொழி கிடையாது. இவ்விடயத்தில் அவர்களோடு ஒரே மனுவில் கையெழுத்திட நமக்கு எவ்விதத் தயக்கமும் இல்லை. ஆனால், உங்களுக்கு வரும் கடிதம் சிங்களத்தில் மட்டும் வருமாயின் அதை வாங்கி மடித்து வைத்துவிடாதீர்கள். 1988ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. தமிழில் பதில் கேட்பது உங்கள் உரிமை.

இன்னும் ஒன்று. தோட்டா இல்லையென்று ஒருவர் அனுமதியில் வாங்கியதை இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள். வெற்றுக் கோதில் மருந்தடைக்காதீர்கள். அகப்பட்டால் நீதிமன்றத்தில் எம்மைப் போன்றவர்கள் உங்களுக்காக வாதாடலாம். போன துவக்கை மீட்டுத்தர முடியாது. எங்கேனும் கட்டுத்துவக்கு இருந்தால் இன்றிரவே கழற்றுங்கள்.

வட்டவிதானைமார் தத்தம் வட்டைகளில் அனுமதிப்பத்திரம் உள்ளோர் பெயர், பத்திர இலக்கம், சென்ற போகத்தில் கிடைத்த தோட்டா, கொடுத்த விலை, பன்றியால் அழிந்த ஏக்கர் ஆகியவற்றை எழுதி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எம்மிடம் சேர்ப்பியுங்கள். மனுவை நாம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுகின்றோம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அரச அதிபரின் வாசலில் சந்திப்போம்.