கல்லாப் பெட்டியை மூடும் முன்...

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம் எது என்று ஹாபிழ் பிள்ளைகளிடம் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். அது தொழுகையைப் பற்றியது அல்ல, நோன்பைப் பற்றியதும் அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது! யார் எழுத வேண்டும், யார் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், சாட்சிக்கு யாரை வைக்க வேண்டும் என்று ஒரு கணக்குப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. அதன் நடுவே, தொகை சிறிதோ பெரிதோ, எழுதுவதில் சோர்ந்துவிட வேண்டாம் என்ற கருத்தும் வருகிறது. எழுதுகிற வேலை மனிதனுக்குச் சலிக்கும் என்பது படைத்தவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

கைக்குக் கை நடக்கும் ரொக்க வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்ற சலுகையும் அதே வசனத்தில் இருக்கிறது. நம் கடைக்காரர்கள் அந்தச் சலுகையை மட்டும் நன்றாக மனனம் செய்து வைத்திருக்கிறார்கள்! உங்கள் கடையில் நடப்பது எல்லாம் ரொக்கமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். மொத்த வியாபாரியிடம் ஒரு மாதத் தவணையில் சரக்கு எடுக்கிறீர்கள். வாடிக்கையாளருக்குப் பாக்கி விடுகிறீர்கள். மைத்துனருக்குக் கைமாற்று கொடுக்கிறீர்கள். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்தே எடுக்கிறீர்கள். இவையெல்லாம் எங்கே எழுதியிருக்கின்றன? "எல்லாம் மனசில் இருக்கிறது ஹஜ்ரத்" என்கிறார்கள். மனசில் இருப்பது மவுத்தோடு போய்விடுமே, சகோதரரே! அதன் பிறகு உங்கள் மனைவி மக்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

ஜமாஅத் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், இருபது வருடம் கூட்டாகக் கடை நடத்தியவர்கள், ஒரு நாள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மறுத்து வந்து நிற்பார்கள். விசாரித்தால் இருவரில் எவரும் திருடியிருக்க மாட்டார்கள். நாள்வழி எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதாத இடத்தில் ஷைத்தான் எழுதத் தொடங்கிவிடுகிறான். ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் பாகப்பிரிவினை வழக்காகி, பேரன் காலம் வரை இழுக்கிறது.

ஜகாத் விஷயம் இன்னும் கவலைக்குரியது. ஹிஜ்ரி ஆண்டு முடிந்ததும் வியாபாரச் சரக்கின் மதிப்பையும் கையிருப்பையும் கூட்டி, இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும். கணக்கே இல்லாதவர் எதில் இரண்டரை சதவீதம் பார்ப்பார்? ரமலான் வந்ததும் குத்துமதிப்பாக ஒரு தொகையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறோம். ஏழையின் பங்கு அதில் நின்றுபோனதா என்று யாருக்குத் தெரியும்?

அரசாங்கத்தின் பக்கமும் பாருங்கள். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. மாதந்தோறும் ரிட்டர்ன் போடும் கடைக்காரர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் போட்டாக வேண்டும். தவறினால், வரி கட்ட வேண்டிய ரிட்டர்னுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்றாலும், வரிப்பாக்கிக்கு வட்டி வேறு. வட்டியை வெறுக்கிற நாம், வெறும் சோம்பலுக்காக வட்டி கட்டுகிறோம்!

"இதெல்லாம் தெரியும் ஹஜ்ரத். எழுதவும் ஆரம்பித்தோம். நாலு நாளில் விட்டுப் போய்விட்டது" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஏன் விட்டுப் போகிறது? ஒரே நாளில் பெரிதாகத் தொடங்குகிறோம். புதுப் பேரேடு, சிவப்பு மை, நீல மை, பத்துத் தலைப்புகள்! ஐந்தாம் நாள் கூட்டம் அதிகம், உடம்பில் அலுப்பு, நாளைக்குச் சேர்த்து எழுதலாம் என்று படுத்துவிடுகிறோம். அன்றோடு முடிந்தது. செயல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படுவதே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. அதை நபில் வணக்கத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். கடைக்கும் அதைக் கொண்டு வாருங்கள்.

ஐந்து வரி போதும். காலையில் கல்லாவில் இருந்த ரொக்கம், அன்றைய விற்பனை, கொடுத்த பணம், விட்ட பாக்கி, இரவு இருப்பு. ஷட்டரைப் பாதி இறக்கியதும், கல்லாப் பெட்டியை மூடும் முன், அதே ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைத்தீர்களோ, எழுத மாட்டீர்கள். நாற்பது நாள் ஜமாஅத்தில் போனவர் அங்கே தஹஜ்ஜுத் தவறாமல் தொழுகிறார். ஊர் திரும்பி ஒரு வாரத்தில் ஃபஜ்ருக்கே எழும்ப முடியவில்லை. ஈமான் குறைந்துவிட்டதா? அங்கே பக்கத்தில் படுத்தவர் எழுப்பினார், இங்கே எழுப்ப ஆளில்லை! பழக்கம் இடத்தோடும் வேளையோடும் ஒட்டிக்கொள்ளும் சரக்கு.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்து, ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே நடக்க எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். நடுவான கணக்கு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இன்னொன்றும் சொன்னார்கள்: நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதகம் இல்லையாம். ஆகவே ஒரு நாள் விட்டதும் "என் ராசி இப்படித்தான்" என்று நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மறுநாள் இரவு உட்காருங்கள்.

இளைஞர்களே, இப்போது உங்களுக்கு. "பிடிக்காத வேலையை எப்படித் தினமும் செய்வது?" என்று கேட்கிறீர்கள். பிடித்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்கிறீர்கள். ஹிஃப்ழு மதரஸாவில் போய் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள். பத்து வயதுப் பையன் புதுப் பாடம் ஒப்புவிக்கிறான். அதோடு விடுவதில்லை. நேற்றைய பாடம், போன மாதப் பாடம், போன வருடப் பாடம் எல்லாவற்றையும் ஆமோக்தா என்று முறை வைத்துத் திருப்ப வேண்டும். முதல் ஜுஸ்வில் அழுவான். வாப்பா வந்தால் கூட்டிப் போகச் சொல்லிக் கெஞ்சுவான். அதே பையன் பத்தாவது ஜுஸ்வில், யாரும் சொல்லாமலே பள்ளிவாசல் தூணில் சாய்ந்து ஓதிக்கொண்டிருப்பான். நாக்கு திரும்பிவிட்டது, வசனம் தானாக வந்து நிற்கிறது, அந்தச் சுகம் தெரிந்துவிட்டது. அந்தச் சுகம் முதல் நாளே வந்திருக்குமா? திக்கித் திணறிச் சிரமத்தோடு ஓதுபவருக்கு இரண்டு கூலி என்ற நபிமொழியை நாம் ஆறுதல் வார்த்தை என்று நினைக்கிறோம். திணறுகிற கட்டத்தைத் தாண்டாமல் யாரும் தேர்ந்தவர் ஆனதில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது.

கணக்கும் அப்படியே. முதல் வாரம் ரொக்கம் தட்டும். 340 ரூபாய் எங்கே போனது என்று மண்டை காயும். தேநீருக்கும் சுமைகூலிக்கும் கொடுத்தது நினைவுக்கு வரும். இரண்டாம் மாதத்தில் ஓர் இரவு நோட்டும் கல்லாவும் ரூபாய் பிசகாமல் நேராகும். அந்த இரவில் உங்கள் முகத்தைக் கண்ணாடியில் பாருங்கள்! பிறகு நோட்டே உங்களிடம் பேசத் தொடங்கும். எந்தச் சரக்கு நகர்கிறது, எது அலமாரியில் தூங்குகிறது, எந்த வாடிக்கையாளர் பாக்கியைத் தள்ளிக்கொண்டே போகிறார் என்று காட்டும். அதன் பிறகு யாரும் உங்களை எழுதச் சொல்ல வேண்டியதில்லை. எழுதாமல் போனால் பல் துலக்காததுபோல் இருக்கும். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கும் இதே வழிதான். ஃபஜ்ருக்குப் பின் அரை மணி, ஒரே இடம், ஒரே பாடம்.

செல்போனில் பணம் வருகிறதே, அதுவே கணக்கு இல்லையா என்று ஒரு தம்பி கேட்டார். யு.பி.ஐ.யில் வந்தது வங்கியில் பதிவாகும், உண்மை. கல்லாவிலிருந்து நீங்கள் எடுத்ததும், வாய்ச்சொல்லில் விட்ட பாக்கியும் எந்த வங்கியில் பதிவாகும்? போனில் எழுதுவது வசதி என்றால் போனிலேயே எழுதுங்கள், தடையில்லை. ஆனால் அந்த ஐந்து வரியும் இருக்க வேண்டும்.

கூட்டு வியாபாரம் செய்பவர்கள் மட்டும் ஒன்று கூடுதலாகச் செய்யுங்கள். வியாழன் இரவு, அந்த வாரத்துப் பக்கங்களைப் பங்காளியிடம் நீட்டுங்கள். அவர் "எனக்கு உன்மேல் நம்பிக்கை இருக்கிறது, வேண்டாம்" என்பார். நம்பிக்கை இருக்கும்போதே பேனாவைக் கையில் கொடுத்து, அடியில் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.