கச்சான் காற்றும் கூடங்குளமும்

வைகாசி பிறந்துவிட்டால் ஓட்டமாவடியிலே கச்சான் வீசத் தொடங்கிவிடும். மேற்கிலிருந்து வரும் அவ்வறண்ட காற்று வயல்வெளிகளைத் தடவி, வாவியைச் சிலிர்க்கச் செய்து, கடலை நோக்கிச் செல்லும். அது வரும் திசையிலே தேசப்படத்தில் ஒரு கோடு கிழித்தால், ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கப்பால் கூடங்குளம் தென்படும். 1988 ஆம் ஆண்டின் இந்திய சோவியத் உடன்பாட்டினால் உருவான அவ்வணு மின்னிலையத்தின் முதலாவது உலை 2013 இல் இயங்கத் தொடங்கிற்று.

அயலூரான இடிந்தகரையின் மீனவர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்டவர்கள் அவர்கள். 2011 இல் யப்பானின் புக்குசிமாவிலே அத்தகைய அலை குளிரூட்டும் பொறிகளை முடக்கியதையும், 20 கிலோமீற்றர் வட்டத்துள் வாழ்ந்தோர் வீடுகளைத் துறந்ததையும் கேட்டவர்கள். எரிபொருள் உருகினாலும் தாங்கிக்கொள்ளும் கலம் உலைக்கடியிலே உண்டென்றனர் பொறியியலாளர். அது உண்மையே. ஆயினும், ஓட நேர்ந்தால் எவ்வழியே ஓடுவதென்பது பொறியியல் விடையளிக்கும் வினாவன்று.

ஓட்டமாவடியார் ஓடவேண்டி வராது. அவர்களுக்குரிய கவலை வேறு. 1986 ஏப்பிரல் 26 இல் செர்னோபில் உலை வெடித்தது. சோவியத் அரசு வாய் திறக்கவில்லை. இரண்டு நாட்களின் பின், ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் தொலைவிலுள்ள சுவீடனின் அணு மின்னிலையமொன்றில், ஊழியர் ஒருவரின் பாதணியிற் படிந்திருந்த தூசியே உலகுக்குச் செய்தி சொல்லிற்று!

அத்தூசியிலுள்ள கதிர்வீச்சு அயடீன் புல்லிற் படியும். புல்லிலிருந்து பாலுக்கும், பாலிலிருந்து பிள்ளைகளின் கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பிக்கும் செல்லும். செர்னோபிலைச் சூழ்ந்த பகுதிகளிலே பாலை உரிய வேளையில் தடுக்காமையால் பல்லாயிரம் பிள்ளைகளுக்குப் பின்னர் அச்சுரப்பியிற் புற்றுநோய் கண்டது. போலந்திலோ சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அயடீன் மருந்து புகட்டப்பட்டது.

எருமைத் தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பு நாட்டுக்கு இது சிறு சங்கதியன்று. இவ்வயடீன் எட்டு நாட்களுக்கொருமுறை பாதியாகி, 80 நாட்களில் ஆயிரத்திலொரு பங்காகிவிடும். ஆகவே, மாடுகளைத் தொழுவத்திற் கட்டிப் பழைய வைக்கோலை இட்டாலே பெரும்பகுதி தப்பலாம். இலங்கையில் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டப்படி அணுசக்தி ஒழுங்குறுத்தற் பேரவை ஒன்று உண்டு. கச்சான் காலத்து விடியலொன்றிலே அவ்வாறான எச்சரிக்கை எழுமாயின், பாற்காரரின் சைக்கிள் புறப்படுவதற்கு முன்னர் அது ஓட்டமாவடிப் பட்டிகளை எட்டியாக வேண்டும்.