அம்மாவை யார் பார்ப்பது?

 

தம்பானூரை உங்களில் பலருக்குத் தெரியும். திருவனந்தபுரத்தின் வாசல் அது. ஒரு பக்கம் ரயில் நிலையம். எதிரே பேருந்து நிலையம். நாகர்கோவிலிலிருந்து வருகிறவர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் கிழக்கே கோட்டை. அதை ஒட்டிச் சாலைக் கடைத்தெரு. அதற்கு அப்பால் கரமனை. இந்தப் பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிப் பகுதியும் திருவனந்தபுரத்தோடு சேர்ந்துதானே இருந்தது!

இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் ஒரு மகள். கடைத்தெருவில் வேலை பார்க்கிறாள். மாலை வகுப்பில் சேர்ந்து தமிழ் எழுத்துப் படித்தவள். அப்பா இறந்த பிறகு, ஊரிலிருந்த அம்மாவைத் தன்னோடு அழைத்து வந்தாள். அம்மாவுக்கு வயது 74.

ஒரு நாள் காலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இதயம் பலவீனமாக இருக்கிறது, அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார்கள். சில நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "படுக்கையிலேயே இருக்கட்டும், நன்றாகப் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

நன்றாகப் பார்த்துக் கொள்வது என்றால் எப்படி? அதை யாரும் சொல்லவில்லை. மகள் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். வேலைக்குப் போனால் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. ஒரு வாரத்தில் அம்மாவின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்தது. பிறகு புண் ஆனது.

மகள் விசாரித்தாள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் மெடிக்கல் காலேஜுக்குப் போகச் சொன்னார். அது நகரத்தின் வடக்கே இருக்கிறது. இன்னொருவர் புலையனார்கோட்டையில் அரசு முதியோர் இல்லம் இருக்கிறது என்றார். வேறொருவர் கலெக்டர் ஆபீசில் மனு கொடு என்றார். அது குடப்பனக்குன்றில் இருக்கிறது. மகள் தம்பானூரில் ஒரு பஸ் ஏறினாள், ஒரு பஸ் இறங்கினாள். பலகைகள் மலையாளத்தில் இருந்தன. ஒவ்வொரு பஸ்சுக்கும் ஒருவரைக் கேட்டாள். இரண்டு நாள் கூலி போனது. வீட்டில் அம்மா தனியாகக் கிடந்தார்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மலையாளப் பெண் கேட்டாள்: "சேச்சி, உங்க வார்டு எது? ஆஷாகிட்ட சொன்னீங்களா?"

மகள் விழித்தாள். தன் வார்டு எது என்று அவளுக்குத் தெரியாது.

நண்பர்களே, பெரிய நகரத்தில் உதவி தேடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பெரிய கட்டடத்தை நோக்கி ஓடுகிறார்கள். முதியவருக்கு அன்றாடம் வேண்டிய உதவியோ வார்டு வார்டாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. திருவனந்தபுரம் மாநகராட்சியில் 101 வார்டுகள் உள்ளன. 2025இல் எல்லைகளை மாற்றி அமைத்தார்கள். அதற்கு முன்பு 100 வார்டுகள் இருந்தன. ஆகவே பழைய வரி ரசீதில் உள்ள வார்டை நம்பி இருந்துவிட வேண்டாம். வார்டு கவுன்சிலரையோ அங்கன்வாடி ஆசிரியையையோ கேட்டால் சொல்லி விடுவார்கள்.

ஆஷா என்பவர் யார்? ஆரோக்கிய ஊழியர். அதே பகுதியில் வாழும் பெண். வீடு வீடாக வருவார். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் படுத்த படுக்கையான நோயாளி என்பது அவருக்குத் தெரியும். அவருக்குக் கிடைக்கும் பணமோ குறைவு. 2025 பிப்ரவரியில் தொடங்கி மாதக் கணக்கில் தலைமைச் செயலகத்தின் முன்னால் ஆஷாக்கள் போராடினார்கள். அவர்களிடம் உதவி கேட்கும்போது அதையும் நினைவில் வைப்பது நல்லது.

அன்று மாலையே ஆஷா வந்தார். பெயரும் வயதும் எழுதிக் கொண்டார். அந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னார். சில நாளில் ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்தார்.

இந்த நர்ஸ் வீடு தேடி வருவதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். நோய் தீராவிட்டாலும் வலியைத் தணிக்கலாமே என்பது அவர்கள் எண்ணம். பிறகு மலப்புறம் பக்கத்தில் ஊர் மக்களே இந்த வேலையில் இறங்கினார்கள். அக்கம்பக்கத்தார் சிறு தொகை சேர்த்தார்கள். படுக்கையில் கிடப்பவரைப் போய்ப் பார்த்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. இந்தியாவில் முதலில் அப்படிச் செய்த மாநிலம் கேரளம். அதன் பிறகு பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் நர்ஸ்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின. மலையாளத்தில் இதைச் 'சாந்த்வன பரிசரணம்' என்பார்கள். 'பாலியேட்டிவ்' என்று கேட்டாலும் எல்லோருக்கும் புரியும். திருவனந்தபுரத்தில் 2003இல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் தொடங்கிய 'பாலியம் இந்தியா' என்ற அமைப்பும் இந்தப் பணியைச் செய்கிறது.

வந்த நர்ஸ் முதலில் அம்மாவின் முதுகைப் பார்த்தார். புண்ணைக் கழுவிக் கட்டினார். பிறகு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்படும். அதனால்தான் புண் வருகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. ஈரம் இருக்கவே கூடாது. தண்ணீர் கொடுத்தால் சிறுநீர் போகுமே என்று பயந்து தண்ணீரைக் குறைக்கக் கூடாது. தோல் சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. மகள் அதுவரை தைலம் போட்டு நன்றாகத் தேய்த்துக் கொண்டிருந்தாள்! நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள்.

"பகல்ல யாரு திருப்பிப் போடுவா?" என்று மகள் கேட்டாள்.

நல்ல கேள்வி. நர்ஸ் தினமும் வர மாட்டார். மாதத்தில் சில முறைதான் வருவார். மீதி நாளெல்லாம் வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் பகலில் இரண்டு முறை வந்து பார்க்கிறேன் என்றாள். மதியம் மகள் கடையிலிருந்து ஓடி வந்து விட்டுப் போனாள். கடை முதலாளி முதலில் முணுமுணுத்தார். பிறகு ஒத்துக் கொண்டார். அரசு உதவி எவ்வளவு வந்தாலும் இந்த இடைவெளியை அது நிரப்பவில்லை. இதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

வசதி உள்ளவர்கள் 'ஹோம் நர்ஸ்' வைத்துக் கொள்கிறார்கள். கேரளத்தில் வீட்டோடு தங்கிப் பார்த்துக் கொள்ளும் பெண்ணுக்கு அப்படித்தான் பெயர். பெயர் நர்ஸ் என்றாலும் பலர் நர்ஸ் படிப்புப் படித்தவர்கள் அல்ல. ஊசி போடத் தெரியும் என்று நினைத்து விடக் கூடாது. ஆள் அனுப்பும் நிறுவனத்திடம் சம்பளம் எவ்வளவு, லீவு எத்தனை நாள், அவர் லீவில் போனால் மாற்று ஆள் உண்டா என்று எழுதி வாங்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கும் தூங்க நேரமும் இடமும் வேண்டும். அவரும் யாரோ ஒருவரின் மகள்தான்.

நடமாட முடிந்த முதியவருக்கு வேறு உதவிகள் இருக்கின்றன. உள்ளாட்சிகள் சில இடங்களில் 'பகல் வீடு' நடத்துகின்றன. தமிழிலும் மலையாளத்திலும் ஒரே சொல்தான். காலையில் போய் மாலையில் திரும்பலாம். பேச்சுத் துணை கிடைக்கும். 'வயோமித்ரம்' என்று ஒரு திட்டம் உண்டு. நகரங்களில் வாழும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. டாக்டர் வண்டியில் வருவார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு முதலியவற்றுக்கு மருந்து இலவசம். உங்கள் பகுதிக்கு எந்த நாளில், எந்த இடத்துக்கு வண்டி வரும் என்பதைக் கவுன்சிலரிடமோ ஆஷாவிடமோ கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

முதியோர் பென்ஷனுக்கும் மாநகராட்சியில்தான் மனுக் கொடுக்க வேண்டும். 60 வயது ஆகியிருக்க வேண்டும். வருமான வரம்பு உண்டு. மாதம் 1600 ரூபாயாக இருந்த இந்தப் பென்ஷன் 2025 நவம்பரில் 2000 ரூபாய் ஆனது. பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்பதை அவ்வப்போது அக்ஷயா மையத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். இதை 'மஸ்டரிங்' என்கிறார்கள். தவறினால் பணம் நின்று விடும். படுக்கையில் இருப்பவர் எப்படிப் போவார்? அக்ஷயா மையத்தில் சொன்னால் வீட்டுக்கு வந்து பதிவு செய்வார்கள்.

வீட்டில் பார்க்கவே முடியாது என்றால் என்ன செய்வது? அப்போதுதான் இல்லத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மலையாளத்தில் 'விருத்த சதனம்' என்பார்கள். புலையனார்கோட்டையில் இருப்பது அரசு இல்லம். ஆதரவு இல்லாத முதியோருக்கானது. அங்கே நேரே போய் நிற்பதை விட, பூஜப்புரையில் உள்ள மாவட்ட சமூக நீதி அலுவலகத்தில் முதலில் கேட்பது நல்லது. பஸ் செலவாவது மிஞ்சும். தனியார் இல்லங்களும், தர்ம நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களும் நகரம் முழுவதும் இருக்கின்றன. சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் யார் இருப்பார் என்று கேளுங்கள். நோய் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, யார் செலவு என்று கேளுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். அலுவலக அறையை விடச் சாப்பாட்டுக் கூடம் அதிக உண்மை பேசும். எல்லாவற்றுக்கும் முன்னால், போகப் போகிற முதியவரைக் கேளுங்கள். பல வீடுகளில் அவரை மட்டும்தான் கேட்பதில்லை.

இன்னொரு விஷயம். இது கசப்பானது. தம்பானூர் பேருந்து நிலையம் போன்ற இடங்களில் சில நேரம் ஒரு முதியவர் துணிப்பையோடு உட்கார்ந்திருப்பார். பஸ் வரும், போகும். அவர் எழுந்திருக்க மாட்டார். "மகன் வருவான்" என்பார். மகன் வர மாட்டான். அவர் தமிழ் பேசுகிறவராக இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு அவர் பேச்சும் புரியாது.

அங்கே தமிழ் தெரிந்த நீங்கள் உதவலாம். காசு கொடுத்து விட்டு நகர்ந்து விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பெயரையும் ஊரையும் கேளுங்கள். பிறகு 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். முதியோருக்கான இந்த உதவி எண் 2021 அக்டோபர் 1 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. போன் கட்டணம் இல்லை. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். இல்லம் எங்கே, பென்ஷன் எப்படி, வழக்கு எப்படி என்ற விவரமும் சொல்வார்கள். ராத்திரி நேரமானால் 112இல் போலீசைக் கூப்பிடுங்கள். மயங்கிக் கிடந்தால் 108.

பெற்றோரைக் கைவிடுவது குற்றம். 2007ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் பல தாய்மார்கள் மகனைச் சிறைக்கு அனுப்ப விரும்புவதில்லை. அவர்களுக்கு வேண்டியது சோறும் மருந்தும். அதற்கும் இதே சட்டத்தில் வழி இருக்கிறது. வருவாய்க் கோட்ட அதிகாரியின் தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். மனுவைத் தானே எழுதிக் கொடுக்கலாம். முடியாதவருக்காக வேறொருவர் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. சில நேரம் 30 நாள் கூடலாம்.

வீட்டைப் பிள்ளைக்கு எழுதி வைக்கிறவர்கள் இதையும் கேளுங்கள். 'என்னைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதியிருந்தால், பிள்ளை தவறும்போது அந்தப் பத்திரத்தை ரத்து செய்யத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். பேச்சில் சொன்ன வாக்கை வைத்துக் கொண்டு வழக்கில் நிற்பது கடினம்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100 பேரில் சுமார் 9 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். கேரளத்தில் சுமார் 13 பேர். அன்றைக்கே அப்படி. 2025இல் கேரளம் முதியோருக்கென்று தனி ஆணையம் அமைக்கச் சட்டம் செய்தது. ஆணையம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மகள் செய்ததைப் பார்ப்போம்.

அவள் காலண்டர் அட்டையின் பின்புறத்தைத் திருப்பினாள். பெரிய எழுத்தில் எழுதினாள். முதலில் வார்டின் பெயர். அதன் கீழே ஆஷாவின் எண். நர்சின் எண். பிறகு 14567, 108, 112. ரேஷன் கார்டு, ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றையும் ஒரே பையில் போட்டு, அந்த அட்டைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள். அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் யார் வந்தாலும் கண்ணில் படுகிற இடம் அது.

அம்மா படுத்தபடியே பார்த்துக் கொண்டிருந்தார்.

"என்னட்டி எழுதியிருக்க?"

"நர்சு வர்ற நாளும் எழுதியிருக்கேம்மா. அடுத்த செவ்வாய்க்கிழமை."

"அன்னைக்கு கொஞ்சம் நல்ல சேலையா கட்டி விடு" என்றார் அம்மா.